இங்கிலீஷ் படம் போட்ட ஞாயிற்றுக்கிழமை

தமிழ்செல்வி வேலைக்குப் போன வீடுகளில், படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்ததாகக் கதையே கிடையாது. அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. 'இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட பிறகுதான் ஜனங்கள் அவளைத் தேடிக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வருவார்கள். படுத்தவரைப் புரட்டிப் போடுவது, முதுகில் புண் வராமல் துடைத்துப் பவுடர் போடுவது, கஞ்சியைச் சிந்தாமல் ஊட்டுவது, ராத்திரி முனகல் கேட்டால் எழுந்து பார்ப்பது எல்லாம் மாமியார் பக்கவாதத்தில் நாலு வருஷம் கிடந்தபோது அவள் கற்றுக்கொண்டது. மாமியார் போன பிறகு பக்கத்துத் தெரு நர்ஸம்மா ஒரு வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். அந்த வீட்டுக்காரர்கள் இன்னொரு வீட்டுக்குச் சொன்னார்கள். அப்படியே அது பிழைப்பாகிவிட்டது.

கணவன் தருமனுக்கு வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, போடுகிற கொஞ்சம் நிலம் இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை போடுவான். பெண்ணைச் செங்கத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆகவே எந்த வீட்டிலும் ராத்தங்கி வேலை பார்க்கத் தமிழ்செல்விக்குத் தடை ஒன்றும் இல்லை.

"தமிழக்கா வந்துட்டா நாங்க நிம்மதியா தூங்கலாம்" என்று சொல்வார்கள். அந்தப் பேச்சில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கூப்பிட்ட குரலுக்கு நான் எழுந்திருக்காத நாள் கிடையாது என்று தருமனிடம் அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக வீடுகள் வந்த பகுதியில்தான் குசுமாவதி டீச்சர் இருந்தார். ஆரணிப் பக்கத்துத் தமிழ்ச் சமண நயினார் குடும்பம். ஊரில் நிலமும் ஜினாலயமும் சொந்தபந்தமும் இருந்தாலும், பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் நடத்தி ரிட்டையர் ஆன பிறகு டவுனிலேயே தங்கிவிட்டார். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகள் சுருதி பெங்களூரில் வேலையில் இருந்தாள். டீச்சருக்கு எண்பதை நெருங்கும் வயது. இதயமும் சிறுநீரகமும் பாதிக்கு மேல் ஓய்ந்திருந்தன. எழுந்து உட்கார வைத்தால் உட்காருவார், நடக்க முடியாது. அறிவு மட்டும் கத்தி மாதிரி இருந்தது.

அந்த வீட்டுச் சட்டங்களைப் பழகத் தமிழ்செல்விக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. மண்ணுக்குள் விளைவது எதுவும் சமையலில் கூடாது. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு வாசலைத் தாண்டி வரக்கூடாது. தண்ணீரை வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், பொழுது சாய்ந்த பிறகு டீச்சர் சாப்பிட மாட்டார், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் விட மாட்டார். கல்யாணமான புதிதில் எடுத்த விரதமாம். உடம்பு இந்த நிலைக்கு வந்த பிறகும் விடவில்லை. டாக்டரும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, மாத்திரைகளையெல்லாம் பகலுக்கே மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்.

தை மாசத்தில் அந்த வீட்டுக்குச் சூரியன் சீக்கிரமே போய்விடும், மலை மறைத்துக்கொள்ளும். அதனால் டீச்சர் மலையையும் பார்ப்பதில்லை, கடிகாரத்தையும் பார்ப்பதில்லை. "வீட்ல விளக்கு போடறதுக்கு முன்னாடி என் தண்ணியக் குடுத்துடு, தமிழ். விளக்கு போட்டாச்சுன்னா எனக்குப் பொழுது போயிடுச்சு" என்பார். சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது ஒரு தம்ளர் வெந்நீரை ஆற்றிக் கொடுப்பாள் தமிழ்செல்வி. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொள்வார். மறுநாள் காலை வெயில் வரும்வரை அதுதான். அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. பகலெல்லாம் சிக்கனம் பிடித்துச் சேர்த்துவைத்த பங்கை அந்த ஒரு தம்ளரில்தான் அவர் ஆசை தீரக் குடிப்பார்.

ஒரு நாள் டிவியின் அடியில் ஓடிய எழுத்தைப் பார்த்து டீச்சர் முகம் மலர்ந்துபோயிற்று.

"தமிழ், வர்ற ஞாயித்துக்கிழமை காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் பழைய இங்கிலீஷ் படமா போடறான். எல்லாம் கறுப்பு வெள்ளை, நான் காலேஜ் படிக்கிறப்போ வந்ததுங்க. அன்னிக்கு வேலையெல்லாம் சீக்கிரம் முடிச்சிடு. நீயும் உக்காந்து பாக்கணும்."

"எனக்கு எங்கம்மா இங்கிலீஷ் புரியும்?"

"மூஞ்சியப் பாத்தா புரியும். புரியலைன்னா நான் சொல்றேன்."

தமிழ்செல்வி சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். போகாத வீடில்லை, எந்த வீட்டிலும் டிவி ஓடாத நாளில்லை. ஆனால் அவள் பார்ப்பதெல்லாம் கையில் துணியோ கிண்ணமோ வைத்துக்கொண்டு கடந்து போகிற போக்கில் பார்ப்பதுதான். ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே டீச்சரைத் துடைத்து, தலை வாரி, நல்ல புடவை ஒன்றைச் சுற்றி, தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார வைத்தாள். இட்லி ஊட்டும்போதே முதல் படம் ஆரம்பமாகிவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோட்டு. ஒருவன் போட்டுக்கொண்டு வெளியே போனால் இன்னொருவன் வீட்டில் போர்வையோடு கிடக்க வேண்டும். இருவரும் ஒரே பெண்ணைப் பார்க்கப் போகிறார்கள், அவளோ அந்தக் கோட்டை வைத்து இருவரையும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். தமிழ்செல்விக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சரும் சிரித்துச் சிரித்து இருமினார். முதுகைத் தடவிவிட்டாள்.

இரண்டாவது படம் குதிரைப் பந்தயத்தைப் பற்றியது. அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் சமையலை முடித்து, டீச்சருக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொடுத்து, துணியும் காயப்போட்டாள். டீச்சர் கொஞ்சம் கண்ணயர்ந்தார். சாயங்காலத்து இட்லியையும் நேரத்தோடு ஊட்டி முடித்தாள்.

அப்புறம்தான் அந்த மூன்றாவது படம் வந்தது.

கடலோரத்தில் ஒரு சின்ன ஓட்டல். அதை நடத்துகிறவள் புருஷனை இழந்தவள். மழை பெய்கிற ஒரு ராத்திரியில் நனைந்துபோய் ஒருவன் அறை கேட்டு வருகிறான். அவள் கொடுக்கிறாள். அவன் அதிகம் பேசுவதில்லை, உடைந்து கிடந்த கதவையும் ஜன்னலையும் தானாகவே சரி செய்து கொடுக்கிறான். அவள் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வருகிறது. அப்போது ஊருக்குள் போலீஸ் வருகிறது, யாரையோ தேடுகிறது.

"இவன் கொலை பண்ணவனாம்மா?" என்று கேட்டாள்.

"பண்ணானா இல்லையான்னு அவளுக்கே தெரியாது. அதுதான் கதை" என்றார் டீச்சர். குரல் தளர்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

தமிழ்செல்வி நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டீச்சர் கட்டில் அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. போலீஸ்காரன் ஓட்டல் கதவைத் தட்டுகிறான். மாடியில் அவன் இருக்கிறான். அவள் கையில் விளக்கோடு மாடிப்படியின் நடுவில் நிற்கிறாள். மேலே பார்க்கிறாள், கீழே பார்க்கிறாள். அந்த முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கத் தமிழ்செல்வியால் முடியவில்லை.

"தமிழ், தண்ணி."

"இருங்கம்மா, ஒரு நிமிஷம்."

சொன்னது அவள்தான். திரும்பாமலே சொன்னாள்.

அந்தச் சமயம் பார்த்து விளம்பரம் வந்தது. சோப்பு, பெயின்ட், கார் என்று வரிசையாக ஓடியது. அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். காய்ச்சின தண்ணீர் அடுப்படியில் மூடி வைத்தே இருந்தது, ஊற்றிக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? ஆனால் எழுந்து போகிற நேரம் பார்த்துப் படம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்று அவள் சோப்பு விளம்பரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் மறுபடி தொடங்கியது. அறை இருட்டிக்கொண்டு வந்தது. கொசு கடித்தது. கை தானாகச் சுவரைத் தடவி விளக்கு சுவிட்சைப் போட்டது. அதைப் போட்டோம் என்றுகூட அவள் மனதில் பதியவில்லை.

படம் முடிந்து, எழுத்துகள் ஓட ஆரம்பித்த பிறகுதான் தண்ணீர் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்த் தம்ளரில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வந்தாள். டீச்சர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.

"அம்மா, தண்ணி. குடிச்சிடுங்கம்மா. இன்னும் பொழுது போகல. மலைக்குப் பின்னாலதான் போயிருக்கு."

டீச்சர் மேலே எரிந்த விளக்கைப் பார்த்தார்.

"விளக்கு போட்டுட்டியே."

"அணைச்சிடறேன்மா. தெரியாம போட்டுட்டேன். ஒரு வாய் குடிங்க."

"வேணாம், விடு. காலைல குடிச்சிக்கறேன்." வறண்ட உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். பிறகு கேட்டார், "அவ காட்டிக் குடுத்தாளா?"

"யாரும்மா?"

"அந்த ஓட்டல்காரி. கண்ண மூடிட்டேன், முடிவப் பாக்கல. காலேஜ்ல பாத்தப்பவும் முடிவு பாக்கல, ஹாஸ்டல் கேட்டை மூடிடுவாங்கன்னு பாதியில ஓடி வந்துட்டோம்."

தமிழ்செல்விக்கு அந்தப் படத்தைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. இருந்தாலும் சொன்னாள். அவள் கதவைத் திறந்து, 'இங்கே யாரும் இல்லை' என்று சொன்னதை, போலீஸ் திரும்பிப் போனதை, அவள் மாடிக்கு ஓடிப் பார்த்தபோது ஜன்னல் திறந்து கிடந்ததை, ஆள் இல்லாத அறையில் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டதைச் சொன்னாள்.

"ஆளும் போயிட்டான், உண்மையும் தெரியல. அப்போ ரெண்டும் இல்லாம போச்சு அவளுக்கு" என்றார் டீச்சர். சிரித்த மாதிரிதான் இருந்தது. "நல்ல படம்தான். பாத்தியா, இங்கிலீஷ் தெரியாமலே முழுக்கதையும் சொல்லிட்டே."

பிறகு தூங்கிப்போனார். தண்ணீர்த் தம்ளரைத் தட்டால் மூடிக் கட்டில் பக்கத்திலேயே வைத்துவிட்டுத் தமிழ்செல்வி கீழே பாயில் படுத்தாள்.

விடிந்ததும் புதுத் தண்ணீர் காய்ச்சி எடுத்துக்கொண்டு போய், வெயில் ஜன்னலில் விழுந்ததும் எழுப்பினாள். டீச்சர் எழுந்திருக்கவில்லை. கை ஜில்லென்று இருந்தது.

தமிழ்செல்வி சாவைப் புதிதாகப் பார்க்கிறவள் இல்லை. முதலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும், தாடையை எப்படிக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் முதலில் செய்தது வேறு. உதடுகள் காய்ந்து, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. ஒரு துணியை நனைத்து அந்த உதடுகளைத் துடைத்தாள். அப்புறம் மூடிவைத்திருந்த நேற்றைய தம்ளரை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினாள். கழுவிக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் சுருதிக்குப் போன் செய்தாள்.

பக்கத்து டாக்டர் வந்து பார்த்தார். "தூக்கத்துலயே ஹார்ட் நின்னிருக்கு. எப்போ வேணா ஆகும்னு நான் சொல்லிட்டுதான் இருந்தேன்" என்றார்.

"சார், நேத்து தண்ணி கம்மியா குடிச்சிருந்தா..."

"அவங்க கம்மியாதான் குடிக்கணும். தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சம்பந்தம் இல்லைதான். அது அவளுக்கும் தெரியும். தண்ணீர் கொடுத்திருந்தால் டீச்சர் பிழைத்திருப்பார் என்று அவள் நினைக்கவே இல்லை. தாகம் என்று வாய்விட்டுக் கேட்ட மனுஷிக்கு, கேட்ட கடைசித் தண்ணீரைக் கொடுக்காமல் சோப்பு விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் அவளை அறுத்தது.

சுருதி மத்தியானம் வந்து சேர்ந்தாள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். பிறகு தமிழ்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "நேத்து நல்லாத்தான இருந்தாங்க? சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்கக்கா. ரெண்டு இட்லி."

"சாயந்தரம் தண்ணி?"

ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் அவள் வாய் சொல்லிவிட்டது. "குடிச்சாங்கக்கா. முழுத் தம்ளரும் குடிச்சாங்க."

"ஏதாவது பேசினாங்களா?"

"ஒண்ணும் பேசல. தண்ணி குடிச்சிட்டு அப்படியே தூங்கிட்டாங்க."

சுருதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது போதும்" என்றாள்.

டீச்சரை ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். தமிழ்செல்வியையும் கூடவே கூட்டிப் போனார்கள். போகும் வழியெல்லாம் சுருதி ஒவ்வொருவருக்கும் போனில் அதையே சொன்னாள், "விரதம் கெடாம, முழுத் தம்ளர் தண்ணி குடிச்சிட்டு, தூக்கத்துல போயிட்டாங்க." கேட்டவர்களுக்கெல்லாம் மனசு ஆறியது. ஊரில் டீச்சரின் தங்கை வசந்தமாலா இருந்தார். எழுபதைத் தாண்டியவர். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தமிழ்செல்வியின் வலது கையைப் பிடித்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கைதாம்மா எங்கக்காவுக்குக் கடைசியா தண்ணி குடுத்தது. நாங்க யாரும் பக்கத்துல இல்ல. நீ இருந்தே. நல்லாயிருக்கணும் நீ."

கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அந்தக் கிழவியின் கண்ணீர் விரலில் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். தமிழ்செல்வியும் அழுதாள். பாசத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து தருமனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வயசானவங்க, போய்ச் சேந்துட்டாங்க. நீயா கொன்னே?"

"தண்ணி கேட்டாங்கய்யா."

"குடுக்கத்தான போனே? அவங்கதான் வேணாம்னாங்க. இதப் போய் யார்கிட்டயும் சொல்லினு இருக்காத. அப்புறம் ஒரு வீட்லயும் உன்னைச் சேக்க மாட்டாங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் விளக்கு போட்ட பிறகு தண்ணீர் குடிப்பதில்லை என்று அவளாகவே நிறுத்திப் பார்த்தாள். முதல் நாள் பெரிதாகத் தெரியவில்லை. மறுநாள் பகலெல்லாம் வயலில் களை எடுத்திருந்தாள். ராத்திரி நாக்கு காய்ந்த துணி மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. புரண்டு புரண்டு படுத்தாள். டீச்சர் ஐம்பது வருஷமாகப் பழகியவர், அவருக்கு இது பெரிய விஷயம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். பழகியவருக்குத்தானே அந்த ஒரு தம்ளரின் அருமை தெரியும் என்று மனசு திருப்பிக் கேட்டது. விடிந்ததும் குளித்துவிட்டு வேங்கிக்காலுக்கு பஸ் ஏறினாள்.

சுருதி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். கூடத்தில் அட்டைப்பெட்டிகள் கிடந்தன. தமிழ்செல்வியைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள்.

"நல்ல வேளை வந்தீங்க, நானே கூப்பிடணும்னு இருந்தேன். அம்மாவோட டிவிய நீங்க எடுத்துட்டுப் போங்க தமிழ். வேற யாருக்கோ குடுக்கறதைவிட, கடைசி வரைக்கும் பாத்துக்கிட்ட உங்களுக்குக் குடுத்தா அம்மா சந்தோஷப்படுவாங்க."

தமிழ்செல்வி அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"அம்மா தண்ணி குடிக்கல. கேட்டாங்க. நான் படம் பாத்துட்டிருந்தேன். இருங்கன்னு சொல்லிட்டேன். அப்புறம் விளக்கு போட்டுட்டேன். அதனால வேணாம்னுட்டாங்க."

சுருதி கையில் இருந்த போர்வையை மடிக்காமல் அப்படியே வைத்திருந்தாள். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

"ஒரு தடவைதான் கேட்டாங்களா?"

"ஒரு தடவைதான்."

"அம்மா ரெண்டாவது தடவை எதையும் கேக்க மாட்டாங்க." அவள் குரல் உயரவில்லை. "இப்போ எதுக்கு இதைச் சொல்றீங்க?"

"மனசு கேக்கலக்கா. பெத்த பொண்ணு உங்ககிட்டயாவது..."

"சொல்லிட்டீங்க. உங்களுக்குப் பாரம் எறங்கிடுச்சு. இனிமே நான் ஒவ்வொரு நாளும் சாயந்தரம் தண்ணி குடிக்கறப்போ இத நெனச்சுக்கணும். அதுதான?"

தமிழ்செல்விக்கு அது வரைக்கும் அந்த நினைப்பே வரவில்லை. சொல்லிவிட்டால் அடிப்பார்கள், திட்டுவார்கள், போலீசுக்குக்கூடப் போவார்கள் என்றெல்லாம் நினைத்திருந்தாள். தான் தூக்க முடியாததைக் கொண்டுவந்து இன்னொருத்தி தலையில் வைக்கிறோம் என்று தோன்றவில்லை. சுருதியின் முகம் அந்த நிமிஷத்திலேயே மாறிப்போயிருந்தது. வாசலில் நுழைந்தபோது பார்த்த முகம் இல்லை அது. அம்மா நிம்மதியாகப் போனாள் என்று நம்பியிருந்த முகத்தை இவள் வந்து பிடுங்கிக்கொண்டுவிட்டாள்.

"தப்புதான்கா" என்றாள்.

"போயிட்டு வாங்க."

தமிழ்செல்வி கேட்டைத் திறந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "நில்லுங்க. ஒண்ணும் பேசலன்னு சொன்னீங்களே, அதுவும் பொய்யா?"

திரும்பி வந்தாள். ஓட்டல்காரியின் கதையை, ஹாஸ்டல் கேட்டை, 'அப்போ ரெண்டும் இல்லாம போச்சு அவளுக்கு' என்றதை, அந்தச் சிரிப்பை, ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது. தண்ணீரை மறைக்கப் போய் அந்தச் சாயங்காலம் முழுவதையும் சேர்த்தே மறைத்துவிட்டிருந்தாள். காலையில் கோட்டுப் படம் பார்த்து டீச்சர் இருமும்வரை சிரித்தார் என்பதைக்கூடப் பெற்ற மகளுக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

சுருதி வாசல்படியில் உட்கார்ந்து கேட்டாள். நடுவில் ஒரு இடத்தில், "அம்மா ஹாஸ்டல்ல இருந்து திருட்டுத்தனமா படத்துக்குப் போனாங்களா? என்கிட்ட சொன்னதே இல்ல" என்றாள். அழுதாள். ஆனால் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. டிவியைப் பற்றியும் மறுபடி பேச்செடுக்கவில்லை. தமிழ்செல்வி வெறும் கையோடு பஸ் ஏறினாள். சொன்னதில் நெஞ்சு லேசாகவில்லை, கனம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு வீட்டில் வேலை கிடைத்தது. சுப்பிரமணி என்று மின்வாரியத்தில் இருந்தவர், இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். அங்கே நாற்காலியை எப்போதும் கட்டிலைப் பார்த்த மாதிரிதான் போட்டுக்கொள்வாள். அவர் எழுந்து ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தார். அவள் வேலைக்குப் போன வீடுகளில் அப்படி ஒருவர் நடந்தது அதுதான் முதல் தடவை. எல்லாரும் அவள் கைராசி என்றார்கள்.

ஆடி மாசத்தில் சுருதியிடமிருந்து போன் வந்தது. பெயரைப் பார்த்ததும் தமிழ்செல்வி வாசலுக்கு வந்து எடுத்தாள்.

"சித்தி விழுந்துட்டாங்க தமிழ். ஊர்ல தனியா இருக்காங்க. ஒரு ரெண்டு மாசம் கூட இருந்து பாத்துக்கணும். போறீங்களா?"

"என்னையாக்கா கேக்கறீங்க?"

"உங்க மேல எனக்குக் கோவம் போகல. போகுமான்னும் தெரியல. ஆனா கூப்பிடறதுக்கு வேற யாரும் தோணல. அம்மாகிட்ட நீங்க எப்படி இருந்தீங்கன்னு நான் பாத்திருக்கேன்." பிறகு சொன்னாள், "சித்திக்கு நான் ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்றதா இருந்தா சொல்லுங்க. அது உங்க இஷ்டம்."

தமிழ்செல்வி போனாள். வசந்தமாலா கால் கட்டோடு படுத்திருந்தார். இவளைப் பார்த்ததும் முகம் விரிந்தது. பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "இவதாம்மா எங்கக்காவுக்குக் கடைசித் தண்ணி குடுத்தவ" என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் மரியாதையோடு தமிழ்செல்வியைப் பார்த்தாள்.

வழியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போளூர் தாண்டும்போது முடிவு செய்தாள். ஆரணியில் இறங்கும்போது அது ஆட்டம் கண்டது. இப்போது இந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்தால், வேங்கிக்கால் வீட்டு வாசலில் மாறிப்போன இன்னொரு முகம் நினைவுக்கு வந்தது.

"அப்படித்தானம்மா?" என்று வசந்தமாலா அவளையே கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றும் அவள் சொல்லவில்லை. "கால அசைக்காதீங்கம்மா, கட்டு நகந்திடும்" என்று சொல்லிக்கொண்டே கட்டிலின் மேல் குனிந்து போர்வையைச் சரி செய்தாள். அவள் செய்தது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியாது. பேசாமல் இருந்தது கிழவிக்காகவா, தனக்காகவா என்று கேட்டாலும் அடித்துச் சொல்ல முடியாது. வசந்தமாலா அந்தக் கதையை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சொல்கிற ஒவ்வொரு தடவையும் தமிழ்செல்வி எழுந்து அடுப்படிக்குப் போகாமல், அங்கேயே நின்று முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.